குமரியில் பிப்ரவரி: நாரை, சாளை, தேனீ, மட்டி வாழை

வெள்ளி, நாகர்கோவில்

தேரூர் குளத்துக்கு விடிந்ததும் போய்விடுவது நல்லது. எட்டு மணிக்கு மேல் வெயில் கண்ணைக் குத்தும். கரையோரம் மேய்கிற பறவைகளும் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும். நான் போனபோது டீக்கடை பாய்லர் அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது.

மஞ்சள் மூக்கு நாரைகள் ஒரு கூட்டமாகக் கரைக்குப் பக்கத்திலேயே நின்றன. அதில் ஒன்றை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலகைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டியபடி நடக்கிறது. ஒரு காலால் சேற்றைக் கிளறுகிறது. கண்ணால் தேடுவதில்லை, கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு? மீன் அலகில் பட்டதும் படக்கென்று மூடிக்கொள்கிறது. அதற்கு நாலடி தள்ளி ஒரு சாம்பல் நாரை அசையாமல் நிற்கிறது. அது முழுக்கக் கண்ணை நம்பிப் பிழைக்கிற ஜாதி. ஆழமான பக்கம் கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஒதுக்கிக்கொண்டு வந்தன. முக்குளிப்பான் அவற்றுக்கு நடுவே மூழ்கி எங்கேயோ எழுந்தது. ஓரச் சேற்றில் அரிவாள் மூக்கன் குத்திக் குத்திப் புழுவும் நத்தையும் எடுக்கிறது. தாமரை இலைமேல் இலைக்கோழி நடந்து போகிறது.

நான் பள்ளியில் உயிரியல் எடுப்பவன். பல்லுயிர்ப் பெருக்கம் பாடம் வந்தால் வருடா வருடம் ஒரு பையனாவது கேட்டுவிடுவான்: "சார், பத்து வகைக் கொக்கு இருந்தா என்ன, ஒரு வகை இருந்தா என்ன? எல்லாம் மீனைத்தானே திங்குது?" பாடப்புத்தகம் இதற்கு 'சூழல் சமநிலை' என்று இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கே அது பதிலாகப் பட்டதில்லை. இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதில் அந்தக் கேள்விக்கும் ஒரு பங்கு உண்டு. மீதிப் பங்கு, குலசேகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாடு.

பத்து வகையும் ஒரே மீனைத் தின்பதில்லை, ஒரே இடத்தில் தின்பதில்லை, ஒரே நேரத்திலும் தின்பதில்லை என்பதைத் தேரூரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். ஒரு வகை மட்டும் ஆயிரம் இருந்தால் குளத்தின் ஒரு மூலைதான் பயன்படும். மற்ற மூலைகள் சும்மா கிடக்கும். டார்வின் 1859-லேயே இதைத் தொட்டிருக்கிறார். ஒரு துண்டு நிலத்தில் ஒரே புல்லை விதைப்பதைவிடப் பல இனப் புற்களைக் கலந்து விதைத்தால் கூடுதல் எடைத் தீவனம் கிடைக்கும் என்பது அவர் எழுதியது. குளத்துக்கும் அதே கணக்குதான்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் சேர்ந்து 2022-ல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. அதற்கு முன்பும் பின்பும் இவை பாசனக் குளங்களே. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு நெல் போகம். இப்போது கும்பப்பூ அறுவடை. அறுப்பு மிஷின் போகிற தடத்தில் வெள்ளைக் கொக்குகள் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குகின்றன. வரப்பில் நின்ற ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கொக்கைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம்தான்.

"அது பூச்சியத் திங்கும், எச்சம் போடும், ஒரு தொந்தரவும் கெடையாது மக்கா. ஆனா அந்த நீலக்கோழி இருக்கே..."

நீலத் தாழைக்கோழியைச் சொல்கிறார். குளத்துக் கோரைக்குள் ஒளிந்திருந்து, பயிர் இளசாக இருக்கும்போது வயலில் இறங்கித் தண்டைப் பிடுங்கி மென்றுவிடுமாம். "ராம்சரு வந்தாச்சின்னு போர்டு வச்சாச்சி பாட்டா, இனி அதை ஒண்ணும் செய்ய முடியாது" என்று பக்கத்தில் நின்ற பையன் அவரைச் சீண்டினான். பெரியவர் சிரிக்கவில்லை. எல்லா உயிரும் எல்லாருக்கும் நன்மை செய்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, இந்த மாதிரி ஆட்கள் அவசியம் தேவை.

அறுத்த வயலுக்கு அந்தப் பக்கம் கல் ஊன்றிய வீட்டு மனைகள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இரவு போய்விடும்.

சனி, மணக்குடி, முட்டம்

பழையாறு நாகர்கோவிலின் சாக்கடையையும் சுமந்துகொண்டு மணக்குடியில் கடலைச் சேர்கிறது. 2004 சுனாமியில் இங்கிருந்த பாலமே பெயர்த்துத் தூக்கி எறியப்பட்டது. மேல மணக்குடி, கீழ மணக்குடி இரண்டு ஊரிலும் சாவு விழாத தெரு இல்லை என்பார்கள். இப்போதைய பாலத்தில் நின்று பார்த்தால் காயலோரம் அலையாத்திக் கூட்டம் பச்சையாகத் தெரிகிறது. பெரும்பாலும் நட்டு வளர்த்தவை.

கரையில் இறங்கிப் பார்த்தேன். சுரபுன்னை தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டல் சேற்றுக்கு மேலே விரல் விரலாகச் சுவாச வேர்களை நீட்டியிருக்கிறது. வேர்களுக்கு இடையில் ஒரு நண்டு, விழுந்த இலை ஒன்றைக் கவ்விக்கொண்டு வளைக்குள் போக முயன்றது. இலை பெரிது, வளை சிறிது. குறுக்கே மாட்டிக்கொண்டது. விட்டது, சுற்றி வந்தது, காம்புப் பக்கம் பிடித்து இழுத்தது. உள்ளே போய்விட்டது. இந்த நண்டு இல்லாவிட்டால் அந்த இலை அலையோடு கடலுக்குப் போயிருக்கும். இப்போது மண்ணுக்குள் மக்கும். வளை தோண்டியதால் காற்றே புகாத சேற்றுக்குள் கொஞ்சம் காற்று புகும்; வேருக்கு அது வேண்டும். மரம் நட்டால் மட்டும் காடு ஆகாது, நண்டும் வந்து சேர வேண்டும் என்று எனக்கு உறைத்தது அந்த இலை உள்ளே போன பிறகுதான்.

அலையாத்தி சுனாமியைத் தடுக்கும் என்று எங்கே போனாலும் பலகை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 குப்பங்களை வைத்து 2005-ல் வந்த ஆய்வு, காடு இருந்த இடத்தில் சாவு குறைவு என்றது. அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பவையே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். வழக்கமான அலை, காற்று, கரை அரிப்பு இவற்றை இந்த மரங்கள் மட்டுப்படுத்தும், இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் ஒதுங்க இடம் தரும். இதில் தகராறு கிடையாது. சுனாமிக்கு இதை நம்பி மனைப்பட்டா வாங்காதீர்கள்.

புத்தளம் உப்பளத்தில் பூநாரை வந்திருக்கும் என்று சொல்லித்தான் என்னை இழுத்துப் போனார்கள். ஒன்றுகூட இல்லை. உப்பு மட்டும் இருந்தது.

மத்தியானம் முட்டம். வள்ளங்கள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. மணலில் தனித்தனிக் குவியல்: சாளை என்கிற மத்தி, அயிலை, நெத்தோலி, வாளை, நவரை, பாறை, கணவாய், ஓரமாகக் கொஞ்சம் கிளாத்தி. கிளாத்தியின் தோல் செருப்புத் தோலைவிடக் கெட்டி. அதை உரிக்கிற அக்காவின் கை வேகத்தைப் பார்க்கவே நாலு பேர் நின்றோம். தலைக்குப் பின்னால் ஒரு கீறல், பிடித்து ஒரே இழுப்பு, தோல் தனியாக வந்துவிடுகிறது.

"முன்னெல்லாம் இதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாவ தம்பி. இப்ப சாளை வராத நாள்ல இதுதான் கஞ்சி ஊத்துது" என்றார்.

சாளை அப்படித்தான், ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் காணாமல் போகும். பக்கத்துக் கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021-ல் அது 3,300 டன்னுக்கு வந்துவிட்டது. பசிபிக் கடல் சூடாகிற எல்நினோ, இங்கத்திய கடல் வெப்பம், குஞ்சுச் சாளையையும் வாரிக்கொண்டு வருவது என்று காரணம் பல. சாளையை மட்டும் நம்பி வலையும் வள்ளமும் வாங்கினவர்கள் கடனில் விழுந்தார்கள். தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குத் தூண்டில் கொண்டுபோய்ச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்களுக்குச் சாளை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. ஒரே சீட்டுக் கம்பெனியில் மொத்தப் பணத்தையும் போடாதே என்று அம்மாமார்கள் சொல்வதைக் கடல் வேறு மாதிரிச் சொல்கிறது.

இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடாவில் சாக்கை சால்மன் ஒரே இனம்தான். ஆனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஏரிக்கும் தனிக் கூட்டம், பல நூறு கூட்டங்கள். ஒரு கூட்டத்துக்கு மழை வருடம் தோது, இன்னொன்றுக்கு வறட்சி வருடம். இத்தனையும் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் வருடா வருடம் மீன் வரத்து ஏறி இறங்குவது இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கும், மீன்பிடியை நிறுத்தி வைக்க வேண்டிய வருடங்கள் பத்து மடங்கு ஆகியிருக்கும் என்று 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வகை என்றதும் நாம் இனங்களை மட்டும் எண்ணுகிறோம். ஒரே இனத்துக்குள் இருக்கிற வகையும் சோறு போடுகிறது.

குமரிக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு மழைக்காலம், இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தெற்கே கடலுக்குள் வெட்ஜ் பேங்க் என்ற மேட்டுப் படுகை. தென்மேற்குப் பருவத்தில் அடியிலிருந்து குளிர்ந்த சத்துநீர் மேலே வர, இந்தப் பக்கம் முழுக்க மீன் பெருகும். 1976-ல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தம் அதன் மீதான இந்திய உரிமையை உறுதி செய்தது. இப்போது அந்தப் பக்கம் எண்ணெய், எரிவாயு தேடப் போகிறார்கள் என்று மீனவர்கள் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏலம் கூறிக்கொண்டிருந்தவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வாயில் வந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

சாயங்காலம் பாறைச் சிப்பி வறுவல் சாப்பிட்டேன். பாறையில் ஒட்டியிருக்கும்போது கடல் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிற பிராணி என்று பாடம் எடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தட்டு காலியாகிவிட்டது.

ஞாயிறு, குலசேகரம், மார்த்தாண்டம்

அத்தானுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர். இப்போது பால்வெட்டு இல்லை. ஜனவரியில் இலை முழுக்கக் கொட்டி, தளிர் விட்டு, மரங்கள் செம்பும் இளம்பச்சையுமாக நிற்கின்றன. சிரட்டைகளைக் கவிழ்த்துவைத்திருக்கிறார். ஒட்டுப்பால் மூட்டை கொட்டகையில் நாறுகிறது.

"நீ வந்து ரப்பரைக் குறை சொல்லுவேன்னு தெரியும் மாப்ளே. சொல்லு. ஆனா உன் மருமகளை நர்ஸிங் படிக்க வச்சது இந்த மரம்."

அதை யார் மறுக்க முடியும்? குலசேகரம் முதல் களியக்காவிளை வரை வீடு கட்டினது, கல்யாணம் செய்தது எல்லாம் ரப்பர் ஷீட்தான். நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் பக்கம் நிற்கிற ரப்பரில் பெரும்பகுதி ஆர்ஆர்ஐஐ 105 என்ற ஒரே ரகம். ஒட்டுக் கட்டிப் பெருக்கியது. அதாவது அத்தானின் தோப்பும் அடுத்தவர் தோப்பும் மரபணு அளவில் கிட்டத்தட்ட ஒரே மரம். போதாக்குறைக்கு ஆசியாவின் ரப்பர் பெரும்பாலும் ஹென்றி விக்காம் 1876-ல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதையிலிருந்து வந்தது. ரப்பரின் சொந்த ஊரான பிரேசிலில் இலைக்கருகல் என்ற பூஞ்சைக்குப் பயந்து பெருந்தோட்டமே போட முடியவில்லை. ஃபோர்டு கார் கம்பெனி அமேசானில் ஒரு நகரமே கட்டிப் பார்த்துத் தோற்று, 1945-ல் விட்டுவிட்டு வந்தது. அந்தப் பூஞ்சை ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே இப்போதைக்கு நம் பாதுகாப்பு.

அத்தான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, "வந்தா என்ன செய்ய?" என்றார். வேறு ரகங்களும் கலந்து நடச் சொல்லி ரப்பர் வாரியமே அறிவுறுத்துவது அவருக்கும் தெரியும். "நாத்துக்காரன்கிட்ட போனா 105தான் இருக்கும். நான் மட்டும் மாத்தி நட்டு என்ன ஆவப்போவுது?" சரி, நியாயமான கேள்வி. நஷ்டம் வந்தால் ஊருக்கு, ரிஸ்க் எடுத்தால் தனக்கு என்றால் யார் எடுப்பார்கள்?

அந்தத் தோப்புக்குள்ளேயே வரிசையாகத் தேன்பெட்டிகள். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவருடையவை, பெட்டி வைக்க இடம் கொடுத்ததற்கு அத்தானுக்கு வருடா வருடம் தேன் வரும். இந்த ஊரில் தேனீ வளர்ப்பு நூறு வருடப் பழக்கம். 1920-களில் ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டு மையம் தொடங்கி, மரப்பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்று இங்கே வேலையில்லாத வாலிபனிடம் ஊர்க்காரர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள்: ஒன்று வளைகுடா, இன்னொன்று தேன்பெட்டி.

பெட்டிக்காரர் மூடியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. மேல்பாதியில் வெள்ளை மெழுகு மூடிய தேன் அடை, கீழே புழு அடை, நடுவில் மகரந்தம் அடைத்த அறைகள் ஒரு வளையமாக. மகரந்தத்தில் மஞ்சள், ஆரஞ்சு, கொஞ்சம் சாம்பல். "இந்த மஞ்ச தென்னை. மத்தது எதுன்னு எனக்கும் தெரியாது, விளையில உள்ள ஏதோ செடி" என்றார்.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது எனக்கு இன்றுதான் கண்ணால் தெரிந்தது. தளிர் இலை மூன்றும் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள். அத்தான் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். அந்த முடிச்சில் ஒரு துளி மின்னியது. நக்கிப் பார்த்தேன், இனிப்பு. இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். பிப்ரவரி, மார்ச், அவ்வளவுதான் சீசன். இனிப்பு கிடைக்கிறது, மகரந்தம் கிடைக்கிறதா? புழுவுக்குப் புரதம் மகரந்தம்தான். அதற்கு தேனீ தோப்பை விட்டு வெளியே, தென்னைக்கும் வேலியோரக் களைச்செடிக்கும் போயாக வேண்டும்.

"வேலிப் பக்கம் பூத்து நிக்கணும் சார். எல்லாத்தையும் மருந்தடிச்சுக் கருக்கிட்டா பெட்டி இளச்சுப் போவும்" என்றார் பெட்டிக்காரர். ஜூன் மழை தொடங்கினால் பஞ்சகாலம். பல மாதம் சர்க்கரைப் பாகு வைத்து ஈயைக் காப்பாற்ற வேண்டும். பல மரமும் செடியும் கலந்து நிற்கிற தோட்டங்கள், அதாவது கலப்பு விளைகள், நிறைய இருந்த காலத்தில் பாகுச் செலவு இவ்வளவு இல்லை என்றார். முதலாளிக்கு ரப்பர் மட்டும் வைத்தால் லாபம். வேலிச் செடி போனதற்கான விலையைப் பெட்டிக்காரர் சர்க்கரையாகக் கட்டுகிறார். பல்லுயிர் குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறவர்களை இந்தத் தோப்புக்கு அழைத்து வரலாம்.

அப்புறம் அவர் அப்பா காலத்துக் கதை வந்தது. 1991, 92-ல் தென்னிந்தியா முழுக்கத் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் பரவி இந்தியத் தேனீக் கூடுகளை அழித்தது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பையாகச் செத்து அறைக்குள்ளேயே கிடக்கும். மார்த்தாண்டத்தில் காலிப் பெட்டிகளை விறகுக்கு உடைத்தார்கள். தொழில் மறுபடி எழுந்ததற்குக் காரணம், எல்லாக் கூடும் சாகவில்லை. காட்டிலும் சில பெட்டிகளிலும் அந்த நோயைத் தாங்குகிற கூட்டங்கள் மிச்சம் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். அத்தனை தேனீயும் 105 மாதிரி ஒரே அச்சாக இருந்திருந்தால்? நான் கேட்கவில்லை, அத்தான்தான் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டார்.

உலகத்தின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87, ஏதோ ஓர் அளவில் விலங்கு மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன என்று 2007-ல் ஒரு கணக்கு வந்தது. ஆனால் மொத்த விளைச்சலின் எடையில் அவற்றின் பங்கு 35 சதவீதம்தான். நெல், கோதுமை, சோளம் காற்றையும் தன்னையும் நம்புகிறவை. தேனீ போனால் உலகம் நாலு வருடத்தில் அழியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். பாகற்காய் போகும், பூசணி போகும், மாம்பழம் குறையும். அது போதாதா பயப்பட?

திங்கள், பேச்சிப்பாறை, வடசேரி

காலையில் அத்தான் வண்டியில் பேச்சிப்பாறை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906-ல் முடிந்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவம் முடிந்து இத்தனை வாரமாகியும் காட்டோடைகளில் தண்ணீர் ஓடுகிறது. பல அடுக்கு விதானம் மழையின் வேகத்தை உடைக்கும். சருகு மெத்தை நீரைப் பிடித்துவைக்கும். ஆழ வேரும் மேல் வேரும் மண்ணைத் துளைத்துக் கீழே இறக்கும். தேரூர் வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்தக் காட்டுக்கும் பங்குண்டு. அணை அந்தத் தண்ணீருக்குப் பூட்டு போடுகிறது, அவ்வளவே.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. ரோட்டோரம் நின்றே பார்த்தோம். ஒரு இருவாச்சி தனியாக மேலே பறந்து போனது. இந்த மாதத்தில் தனியாகப் பறந்தால் அது பெரும்பாலும் ஆண். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் பழம் சுமக்கும். காட்டு ஜாதிக்காய் மாதிரிப் பெரிய கொட்டைகளை விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்க் கக்கக்கூடிய வாய் காட்டில் ரொம்பச் சிலவற்றுக்குத்தான் உண்டு. பெரிய விதை மரங்களுக்குப் பொதுவாகக் கட்டை கனம், அதனால் அவை சேமிக்கிற கரியும், அதாவது கார்பனும், அதிகம். பெரிய பழந்தின்னிகள் வேட்டையில் போய்விட்டால் நாளடைவில் காட்டின் கரிச் சேமிப்பே குறையும் என்று பிரேசிலின் அட்லாண்டிக் காட்டை வைத்து 2015-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பார்க்கக் காடு பச்சையாகவே இருக்கும், அதுதான் சிக்கல்.

இந்த மலையைப் பற்றி, இங்கத்திய பழங்குடிகளான காணிக்காரர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1987-ல் அகத்தியமலைப் பக்கம் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனபோது, வழிகாட்டி வந்த காணிகள் ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு சளைக்காமல் ஏறினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஒப்பந்தம் ஆனது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். பெருமைதான். ஆனால் காடு தருவதில் மருந்துக்கும் காப்புரிமைக்கும் வருகிற மரியாதை ஓடைத் தண்ணீருக்கு வருவதில்லை. ஓடைக்கு யார் உரிமத் தொகை கட்டுகிறார்கள்?

திரும்பும்போது அத்தானின் அம்மா இருக்கிற பழைய விளைக்குப் போனோம். தென்னை, பலா, அயனி, கமுகில் ஏறிய நல்லமிளகு, அடியில் மரச்சீனி என்கிற மரவள்ளி, சேம்பு, ஓரமெல்லாம் வாழை. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் சூழலியல் விஞ்ஞானி டேவிட் டில்மனும் கூட்டாளிகளும் 1994-ல் பாத்தி பாத்தியாக 1, 2, 4, 8, 16 வகைப் புல்பூண்டுகளை விதைத்து வருடக்கணக்காக அளந்தார்கள். வகை கூடக் கூடச் சராசரி விளைச்சலும் கூடியது. ஆரம்பத்தைவிடப் போகப் போக வித்தியாசம் பெரிதானது. அதைப் பாடத்தில் நடத்தும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருடல். அங்கே அறுத்து எடை போட்டால் முடிந்தது. இங்கே அத்தைக்கு எடை முக்கியமில்லை; வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒரு குலை, பேரப்பிள்ளைக்கு மட்டி, சிப்ஸுக்கு ஏத்தன், கறிக்கு மொந்தன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது இந்த விளையிலும் வாழை எல்லாம் சாய்ந்தது, பலா முறிந்தது. மரச்சீனியும் சேம்பும் மண்ணுக்குள் இருந்ததால் தப்பித்தன. அத்தானின் ரப்பரில் பாதி போயிற்று. புயலுக்குக் கலப்பு விளை கவசம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே நாளில் போகவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி பஸ்ஸுக்கு முன்னால் வடசேரிச் சந்தை. கடை முழுக்கக் கயிற்றில் தொங்குகிற குலைகள்: மட்டி, செந்துளுவன், பேயன், ரசகதலி, பாளையங்கோட்டான், ஏத்தன், சிங்கன். மட்டி விரல் அளவுதான், நுனி கூராக இருக்கும். தொட்டில் பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாழைக்கு விதை இல்லை, கன்றுதான். ஒரு ரகம் என்றால் எல்லாக் கன்றும் ஒரே உடம்பு. ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் பழத்தைப் பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் 1960 வாக்கில் சந்தையை விட்டே துரத்தியது; அந்த இடத்துக்கு கேவண்டிஷ் வந்தது. இப்போது அதே வாடலின் புது வடிவம் கேவண்டிஷைக் குறிவைத்து, 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. நம் ரசகதலியும் வாடலுக்குச் சீக்கிரம் விழும். பாளையங்கோட்டானை அது பெரிதாக அசைக்காது, ஆனால் வைரஸ் நோய்கள் படுத்தும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எமன். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற விளையில் எந்த எமன் வந்தாலும் ஏதோ ஒரு குலை வெட்டலாம்.

கடைக்காரரிடம், முன்பு வந்து இப்போது வராத பழம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "நெய் மட்டி எப்பமாவது ஒரு குலை வரும். மலை மட்டியப் பாத்தே நாளாச்சி. வாங்குறவன் பேரு தெரிஞ்ச மட்டிய மட்டும் கேக்கான். வெட்டுறவன் அதத்தான நடுவான்?"

குறியீடு மட்டி என்ற பெயருக்குத்தான். பெயர் ஏறிய ரகத்துக்கு விலை கூடினால் ஓரத்தில் நிற்கிற தம்பி ரகங்கள் இன்னும் வேகமாகப் போகுமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அங்கே இருப்பது கன்று. எந்த ரகத்தை எந்த மண்ணில் எந்த மாதம் வைப்பது என்பது அத்தை மாதிரி ஆட்களிடம் இருக்கிறது.

ஒரு சீப்பு மட்டி, இரண்டு பேயன், ஒரு சிங்கன் வாங்கினேன். ரசகதலி பாதி கறுத்திருந்தது, கடைக்காரர் சும்மா தந்தார். ஊருக்குப் போனதும் அடுத்த வாரம் பாடம் இருக்கிறது. பழம் அதுவரை தாங்காது, பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும்.